மணிலாவும் திரூரும்

பொன்னேரி வட்டாரத்து முதியவர்கள் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்று வழங்குவதை இன்றும் கேட்கலாம். அவ்வாறு சொல்லும்போது, கீழ்க்கடலுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் தலைநகரத்தைத் தாம் பெயர் சொல்லி அழைப்பதை அவர்கள் நினைப்பதில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிரான அது ஸ்பானியரின் கப்பல்களில் பிலிப்பைன் தீவுகளை அடைந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தமையால் இப்பெயர் பெற்றது என்பர். கப்பற்காரருக்கோ மணிலா என்றவுடன் நினைவுக்கு வருவது கயிறு. வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா என்னும் செடியின் நாரால் முறுக்கிய அந்த மணிலாக் கயிறே, நைலான் வருமுன் உலகத்துத் துறைமுகங்களிலெல்லாம் கப்பலைக் கட்டி வைத்தது.

அங்கிருந்து கடலையும் கயிறும் வந்தன. இங்கிருந்து சென்றது துணி. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் நெசவுத் துணிகள் சென்னையிலிருந்து மணிலாவுக்கும், அங்கிருந்து பசிபிக் கடலைக் கடந்து மெக்சிகோவுக்கும் போயின. அவ்வாணிகத்தில் பொருளீட்டிய ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்பார், 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே தம் செலவில் பாலம் கட்டினார். பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தார். பாலத்தைப் பழுது பார்க்கவும் பணம் ஒதுக்கினார். மறைமலையடிகள் பாலத்தின் மேல் போகிறவர், மணிலாவுக்குத் துணி விற்ற லாபம் ஒரு காலத்தில் கல்லாகி நின்ற இடத்தின் மேல் போகிறார். 1762-இல் சென்னையிலிருந்து புறப்பட்டு மணிலாவைப் பிடித்த ஆங்கிலப் படையில் நம் பக்கத்துச் சிப்பாய்களும் இருந்தனர். அவர்களுள் சிலர் திரும்பாமல் காயின்தா என்னும் ஊரில் தங்கிக் குடும்பம் கண்டனர். அவர்களுடைய வழியினர் இன்றும் அவ்வூரில் உள்ளனர்.

இத்தனை உறவிருந்தும் அந்நாட்டு எளிய மக்கள் தம் வீட்டையும் கைப்பணத்தையும் ஊரையும் எவ்வாறு திருத்திக்கொள்ள முயன்றனர் என்பதை நாம் கேட்டறிந்ததில்லை. அவர்கள் கண்ட வெற்றியைக் காட்டிலும், அவர்கள் மும்முறை கண்ட தோல்வியே நம் சங்கங்களுக்கு அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

பத்துப் பேரின் சீட்டு

பிலிப்பைன் நாட்டில் பலுவாகன் என்றொரு வழக்கம் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து வாரந்தோறும் ஆளுக்கு ஆயிரம் பெசோ போடுவர். வாரம் ஒருவர் பத்தாயிரத்தையும் எடுத்துக்கொள்வார். ஏலமும் தள்ளுபடியும் இல்லை. முறை மட்டுமே உண்டு. அதாவது நம் பெண்மணிகள் நடத்தும் குலுக்குச் சீட்டேதான். சொல்லின் வேர் 'நெருக்கம் தளர்தல்' என்னும் பொருளுடையது. கழுத்தை இறுக்கும் செலவொன்று வரும்போது சிறிது மூச்சுவிட இடந்தருவது என்று கொள்ளலாம்.

இது காகிதத்தின் வலிமையால் நடப்பதன்று. முதல் வாரத்திலேயே பணத்தை எடுத்தவர் பத்தாம் வாரம்வரை கட்டுவதற்குக் காரணம், தமக்குக் கைகொடுத்த ஒன்பது முகங்களை அவர் அறிவார் என்பதே. இதற்கு அம்மக்கள் இரண்டு சொற்கள் வைத்திருக்கின்றனர். ஒன்று ஹியா, நம் நாணத்துக்கு நெருங்கியது. மற்றொன்று உத்தாங் நா லோப்; சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உள்ளத்துக் கடன்', நாம் நன்றிக்கடன் என்போம். நம் முன்னோர் கடன் கூட்டுறவுச் சங்கத்துக்கு 'ஐக்கிய நாணயச் சங்கம்' என்று பெயரிட்டபோது, காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும் சொல்லைத்தான் தேர்ந்தனர். அச்சொல்லைப் பெயர்ப்பலகைகளிலிருந்து எடுத்துவிட்டது இழப்பே.

ஆனால் முகமறிந்த சீட்டுக்கு எல்லை உண்டு. பத்துப் பேரின் பணம் ஒரு படகு வாங்கப் போதாது. அவசரத்துக்கு முறை மாற்றித் தராது. அண்மைக்காலத்தில் கைப்பேசி வழியே முகமறியாதாரைச் சேர்த்துப் பலுவாகன் என்ற பெயரிலேயே மோசடி நடத்தியோரும் உளர்; அரசாங்கம் எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. முகம் போனவுடன் நாணமும் போய்விட்டது.

ஐந்துக்கு ஆறு

சீட்டுப் போதாதபோது அங்கே வீட்டுவாசலுக்கு வருகிறவரின் கடனுக்குப் பெயரே 'ஐந்து ஆறு'. ஐந்து வாங்கினால் ஆறு தரவேண்டும். இத்தொழிலில் நெடுங்காலமாக ஈடுபட்டோருள் வடஇந்தியாவிலிருந்து, குறிப்பாகப் பஞ்சாபிலிருந்து, குடியேறியோர் பலர். மோட்டார் சைக்கிளில் தெருத்தெருவாக வந்து வசூலிக்கும் அவர்களை மக்கள் 'பும்பாய்' என்று அழைக்கின்றனர். ஒரு காலத்தில் நம் துணியால் அறியப்பட்ட நாடு, அங்கே வட்டியால் அறியப்படுவது நமக்குச் சற்றுக் கூச்சம் தருவதே. ஆயினும் வங்கி தராத இடத்தில், ஜாமீன் கேளாமல், கேட்ட அன்றே தருகிறவர் அவரே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்துக்கு ஆறு என்றால் நூற்றுக்கு இருபதுதானே என்று தோன்றும். கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். ஒருவர் 5,000 பெசோ பெற்று, நாள் ஒன்றுக்கு 100 வீதம் 60 நாள் கட்டி 6,000-ஆக முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் அவர் கையில் 5,000 இருந்தது. நாளுக்கு நாள் அது தேய்ந்தது. எனவே அறுபது நாளும் அவர் பயன்படுத்திய பணம் சராசரியாக 2,500-தான். அதற்கு இரண்டு மாதத்துக்கு வட்டி 1,000. மாதத்துக்கு நூற்றுக்கு 20. ஆண்டுக்கு நூற்றுக்கு 240. ஆண்டுக்கு 12 வட்டி வாங்கும் சங்கத்தில் இதே கடனை இதே வகையில் கட்டியிருந்தால் வட்டி ஏறத்தாழ 50 பெசோ ஆகியிருக்கும்.

இதை அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட இயலாது. வடசென்னையின் தண்டலை அறியாதார் நம்முள் யார்? 10,000 என்று எழுதி 9,000 கையில் கொடுத்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் வாங்கினால், அதே கணக்கின்படி ஆண்டு வட்டி நூற்றுக்கு 80-ஐத் தாண்டும். மீன்கூடைக்கு முதல் போட அதிகாலையில் வாங்கி மாலையில் திருப்பும் கடனுக்கு இக்கணக்குப் போட்டால் எண்கள் நம்பத்தகாதனவாக இருக்கும்; ஆகவே விடுகிறேன். கந்துவட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-இல் சட்டம் வந்தது. சட்டம் கொடுமையைத் தண்டிக்கும். காலை நான்கு மணிக்கு முதல் கொடுக்காது.

தாப்பித்தான் ஊரின் கைதி

பிலிப்பைன் மக்கள் தம் தேசத் தலைவராகப் போற்றும் ஓசே ரிசால், கண் மருத்துவர், நாவலாசிரியர். ஸ்பானிய அரசு அவரை 1892-இல் தெற்கே மிந்தனாவோ தீவின் தாப்பித்தான் என்னும் சிற்றூருக்கு நாடு கடத்தியது. அங்கே அவர் தம்மைக் காவல் காத்த அதிகாரியுடன் கூட்டாக வாங்கிய லாட்டரிச் சீட்டுக்கு இரண்டாம் பரிசு விழுந்தது. அவர் பங்கு 6,200 பெசோ. தந்தைக்கு 2,000 அனுப்பினார். ஹாங்காங்கிலிருந்த நண்பருக்குப் பட்ட கடன் 200-ஐத் தீர்த்தார். எஞ்சியதைக் கொண்டு நிலம் வாங்கினார். (லாட்டரியை நான் பரிந்துரைப்பதாக அங்கத்தினர்கள் கொள்ளவேண்டா, அவர் பணத்தைப் பங்கிட்ட வரிசையையே நோக்கவேண்டும்.)

அந்நிலத்தில் தென்னையும் காப்பியும் பயிரிட்டார். ஊர்ச் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். மாணவர்களையும் ஊராரையும் கொண்டு, ஓட்டையும் செங்கல்லையும் மூங்கிலையும் வைத்து மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். இருண்ட தெருக்களில் தேங்காயெண்ணெய் விளக்குகள் ஏற்றப்பட்டன. அபாக்கா நார் வாணிகம் அயலார் கையில் இருந்ததைக் கண்டு அதிலும் இறங்கினார். 1895-இல் அவ்வூர் விவசாயிகளைச் சேர்த்து, விளைபொருளை ஒன்றாக விற்கவும் தேவையானதை ஒன்றாக வாங்கவும் ஒரு சங்கம் அமைத்து, விதிகளையும் எழுதினார். 1896 டிசம்பர் 30-இல் மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

அவர் வாழ்வின் வேறு செயல்களைப் பாடநூல்கள் பேசும். எனக்கோ அவர் தாப்பித்தானில் செய்த வேலையின் ஒழுங்கு பெரிதாகப் படுகிறது. தெருவிளக்கையும் தண்ணீரையும் பற்றி மணிலாவுக்கு மனு எழுதிவிட்டு அவர் காத்திருக்கவில்லை, கையிலிருந்ததில் தொடங்கினார்.

மும்முறை வீழ்ந்த வரலாறு

ஜெர்மானிய நாட்டில் ரைபைசன் கண்ட சிற்றூர்க் கடன் சங்க முறையைச் சென்னை மாகாணத்துக்கு எடுத்துரைத்தவர் பிரடெரிக் நிக்கல்சன். 1895, 1897 ஆண்டுகளில் அவர் அளித்த அறிக்கையின் வழியே 1904-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் நாட்டின் முதல் விவசாயக் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் முதல் நகரக் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் நுகர்வோர் சங்கமும் தோன்றின. காட்டுப்பள்ளியும் திரூரும் இன்று ஒரே மாவட்டம்.

அதே ரைபைசன் முறை பிலிப்பைன் தீவுகளில் 1915-இல் சட்டமாயிற்று. மறு ஆண்டு கபனதுவான் என்னும் நெல் வட்டாரத்தில் முதற்சங்கம் தோன்றியது. 1919-இல் நெல், மக்காச்சோள விவசாயிகளுக்குக் கடன் கொடுப்பதற்கென்று சர்க்கார் பத்து இலட்சம் பெசோ ஒதுக்கிற்று. பணம் வருகிறது என்றறிந்த ஊர்களிலெல்லாம் சங்கங்கள் முளைத்தன. 1926-க்குள் அவை ஐந்நூறைத் தாண்டின. 1935-இல் பார்த்தால் அவற்றுள் மிகப்பெரும்பாலானவை காலிப் பெட்டியுடன் உறங்கிக் கிடந்தன.

1952-இல் மீண்டும் ஒரு சட்டம். இம்முறை கடனோடு விற்பனையும் சேர்ந்தது. சொத்து ஜாமீன் இல்லாமலே குத்தகை விவசாயிக்குக் கடன் என்றனர். எண்ணம் நல்லதே. ஆயினும் அரசு நிறுவனம் அமைத்த விவசாயச் சங்கங்கள் பாக்கியில் மூழ்கின. 1973-இல் மூன்றாம் முயற்சி: 'மசகானா 99'. எக்டேருக்கு 99 மூட்டை நெல் என்பது குறி. விவசாயிகளைச் சிறு குழுக்களாக்கி, ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்று எழுதி வாங்கினர். விளைச்சல் உயர்ந்தது, நாடு சில ஆண்டுகள் அரிசியில் தன்னிறைவும் கண்டது. தொடக்கத்தில் கடன் ஒழுங்காகத் திரும்பிற்று. பின்னர் ஆண்டுக்காண்டு வசூல் சரிந்து, 1984-இல் திட்டம் முடிந்தது.

விதையில் குற்றமில்லை. அவ்விதையில் நம் பங்கும் உண்டு. லாஸ் பான்யோசில் 1960-இல் அமைந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-இல் ஐ.ஆர்.8-ஐயும், 1969-இல் ஐ.ஆர்.20-ஐயும் வெளியிட்டது. ஐ.ஆர்.20-இன் பெற்றோருள் ஒன்று டி.கே.எம்.6, திரூர்க்குப்பம் என்னும் ஊர்ப்பெயரின் சுருக்கமே அந்த மூன்றெழுத்து. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் அதன் குணத்தைக் கருதி அங்குக் கொண்டுபோய்க் கலந்தனர். கலந்த பயிர் தமிழகத்துக்குத் திரும்பி வந்து நெடுங்காலம் நம் வயல்களை ஆண்டது. நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அந்நிலையத்தின் தலைவராகவும் இருந்தார். திரூரில் தோன்றிய நெல் மணிலாப் பக்கம் சென்று வென்று திரும்பிற்று. திரூரில் தோன்றிய சங்க முறை மட்டும் அங்கே மும்முறை வேரூன்றாமல் போனது ஏன்?

புயலும் விலைவீழ்ச்சியும் நிலமின்மையும் காரணங்களே; மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்று தோல்விகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. மூன்றிலும் கடன் கொடுத்த பணம் மேலிருந்து வந்த பணம். பக்கத்து வீட்டு அம்மாள் பலுவாகனில் போட்ட ஆயிரத்தைத் தின்ன நாணிய அதே மனிதர், மணிலாவிலிருந்து வந்த ஆயிரத்தைத் திருப்பாதிருக்க நாணவில்லை. அப்பணத்துக்கு முகம் இல்லை. பெற்றவருக்கு அது கடனாகவே தோன்றவில்லை. தேர்தலுக்கு முன் கிடைத்த அன்பளிப்பாகத் தோன்றிற்று. ரைபைசனின் முறையிலிருந்து கடனை எடுத்துக்கொண்டு சேமிப்பை விட்டுவிட்டனர்.

நின்றவை

சேமிப்பிலிருந்து தொடங்கியவையும் அந்நாட்டில் இருந்தன. 1938-இல் விகான் என்னும் ஊரில் பாதிரியார் ஒருவர் கடன் சங்கம் தொடங்கினார். 1954-இல் காகாயன் டி ஓரோ நகரத்துக் கல்லூரி ஒன்றில் சிலர் சேர்ந்து தொடங்கிய சங்கம், இன்று ஃபிக்கோ என்ற பெயரில் இலட்சக்கணக்கான அங்கத்தினர்களோடு விளங்குகிறது. இவற்றில் முதலில் போடவேண்டும், பிறகே கேட்கவேண்டும்.

இவ்வனுபவத்தை அந்நாடு 1990-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்திலும், அதைத் திருத்திய 2008-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் எழுதி வைத்தது. சேர விரும்புகிறவர் முதலில் கூட்டுறவுக் கல்வி வகுப்பில் அமர்ந்து முடித்தாக வேண்டும். அதன் பிறகே அங்கத்தினர். நிகர லாபத்தில் நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் சேமநிதி. பத்துக்கு மேற்படாமல் கல்வி நிதி. மூன்றுக்குக் குறையாமல் ஊர் நலநிதி. ஓர் இலட்சம் லாபம் கண்ட சங்கம் குறைந்தது 3,000-த்தைத் தன் ஊருக்குச் செலவிட்டே தீரவேண்டும். தாப்பித்தான் கைதியின் தெருவிளக்குச் சட்டப்பிரிவாகிவிட்டது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

கடற்பணியாளர் செய்தியும் இதனோடு சேர்ந்தது. உலகக் கப்பல்களில் பணியாற்றுவோருள் பிலிப்பைன் நாட்டினர் முன்னணியில் உள்ளனர்; எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரும் கப்பல்களிலும் அவர்களைக் காணலாம். அவர்களுடைய பணி ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 80-க்குக் குறையாமல் மாதந்தோறும் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வெளிநாட்டிலுள்ள மக்கள் எல்லாரும் சேர்ந்து வங்கிகள் வழியாக 2023-இல் நாட்டுக்கு அனுப்பியது 3,300 கோடி டாலருக்கு மேல். பணம் வீடு சேர்வது உறுதி. வந்த பணம் வீட்டில் நிற்பதற்குச் சட்டம் ஒன்றும் செய்ய இயலாது. பெரிய வீடும் விருந்தும் உறவினர் கைமாற்றுமாக அது கரைந்து, ஊர் திரும்பிய மாலுமி ஐந்து ஆறு கடன்காரராவதும் அங்கே நடக்கிறது. வந்த கூலியை மறுநாளே சங்கத்தில் இட்ட குடும்பமே தப்புகிறது.

நம் கரை

காட்டுப்பள்ளித் தீவு பத்து, இருபது ஆண்டுகளில் மாறிய மாற்றத்தை இங்குச் சொல்லத் தேவையில்லை. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம். 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகம். கடலும் கழியும் சோறு போட்ட வீடுகளில் இன்று மாதச் சம்பளமோ ஒப்பந்தக் கூலியோ நுழைகிறது. மீன் குறைந்த வருத்தமும் அதே வீட்டில் இருக்கிறது. சம்பளம் மாதம் ஒருமுறை வருவது. கழியைப் போல் நாளும் கொடுப்பதன்று. இடைப்பட்ட இருபத்தொன்பது நாளும் தண்டல்காரருக்குரியவை.

கூட்டாக வாழும் பழக்கம் இக்கரைக்குப் புதிதன்று. பழவேற்காட்டு ஏரியில் மீனவர் கைக்கொள்ளும் பாடு முறையில், நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாதபடி சீட்டுப் போட்டு முறை வைத்து வலை இடுகின்றனர். எழுதாத சட்டம் அது. பாடு இல்லாத பிற சமூகத்தார் அதற்கு வெளியே நிற்க நேர்வது அதன் குறை. கூட்டுறவுச் சங்கமோ யாரும் சேரத் திறந்த கதவு.

நம் மாநிலத்து நெசவாளர் சங்கங்களில் 1975 முதல் உள்ள சேமிப்பு, பாதுகாப்புத் திட்டத்தையும் நோக்குக. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் போடுகிறார். 4 காசு சர்க்கார் சேர்க்கிறது. முதலில் தம்முடையது, அதன் மேல் சர்க்காருடையது. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் இதற்காகக் கணக்கியல் படித்ததில்லை. காசு பிடிக்கப்பட்ட பிறகே கூலி கைக்கு வருகிறது, அவ்வளவே. இதே ஏற்பாட்டைத் துறைமுகக் கூலிக்கும் நெல் விற்ற பணத்துக்கும் நம் சங்கங்கள் செய்யக் கூடாதா?

பயிர்க்கடன் பக்கம் வரும்போது எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. 2021-இல் நம் மாநிலத்தில் 16 இலட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுக் கடன் தள்ளுபடியாயிற்று. புயலிலும் பெருமழையிலும் பயிரிழந்தவருக்கு அது உயிர்ப்பிச்சை. அதைப் பழிப்பவன் அல்லேன். ஆனால் தவணை தவறாமல் கட்டியிருந்தவரும் அவ்வாண்டு சங்க வாசலில் நின்றார். அவருக்குச் சொல்ல நம்மிடம் மறுமொழி இல்லை. அடுத்த முறை அவர் கட்டுவாரா என்று கேட்டால், மசகானாவின் கடைசி ஆண்டுகள் நினைவுக்கு வருகின்றன.

கடன் கொடுத்த பணத்தில் பாதியேனும் அங்கத்தினரின் வைப்புத்தொகையாக இருக்கும் சங்கத்தில், தள்ளுபடி கேட்கிறவர் பக்கத்து வயற்காரரின் மகள் கல்யாணப் பணத்தைத் தள்ளக் கேட்கிறார். அதை அவர் எளிதில் கேட்கமாட்டார். கேட்டாலும் பேரவையில் எழுந்து மறுப்பதற்கு ஆள் இருப்பார். நம் சங்கத்தின் நிலை என்ன? ஐந்தொகையில் இரண்டே எண்களைப் பார்த்தால் போதும்: நிலுவையிலுள்ள கடன் எவ்வளவு, அங்கத்தினர் வைப்பு எவ்வளவு. பேரவைக்கு அறிவிப்பு வந்ததும், நிகழ்ச்சிநிரலின் கடைசியிலுள்ள 'இதர பொருள்கள்' என்ற வரியின் கீழ் இவ்விரு எண்களையும் கரும்பலகையில் எழுதிக் காட்டும்படி செயலாளருக்கு முன்னதாகவே கடிதம் கொடுத்துவைக்கலாம்.